ரெண்டு வாய்க்கு ஒரு நம்பர்

ஒரே ஒரு குரல வச்சுக்கிட்டு எங்க ஊர்ல ரெண்டு பொம்பளைங்க பதினோரு மாசம் பேசினாங்க, பாடினாங்க, வைதாங்க, ஏலம் விட்டாங்க, வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தாங்க, அந்தப் பதினோரு மாசமும் மழை பெய்யவேண்டிய நேரத்துல பெஞ்சுச்சு, மல்லி பூக்கவேண்டிய நேரத்துல பூத்துச்சு, நிலக்கோட்டை மினிபஸ்ஸு வழக்கம்போல லேட்டாத்தான் வந்துச்சு.

ஒண்ணு ராக்கம்மாக்கா. கோட்டைமேட்டுப்பட்டி பூ மார்க்கெட்ல பலகை மேல ஏறி நின்னு ஏலம் கூப்புடுற ஒரே பொம்பள, வெத்தல போட்டுப் போட்டு செவந்த வாயி, கையில ஒரு புளியங்கட்டை, அந்தக் கட்டையால பலகையத் தட்டி "ஒருதரம்"னு அந்தக்கா சொன்னா வத்தலக்குண்டு வியாபாரி கூட வாயில இருக்கிற டீய முழுங்க மறந்துருவான். இன்னொண்ணு டெய்சிராணி டீச்சர். மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவுல ஒரே ஒரு காம்பவுண்டு சுவரு, அந்தப்பக்கம் மூணாப்பு டீச்சரு, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல கொயர் பாட்டுக் கூட்டத்துல மொத வரிசை. ஒருத்தருக்கொருத்தர் ஆகாது. "உங்க ஏலச் சத்தத்துல எம் பிள்ளைங்க வாய்ப்பாட்டுக்குப் பதிலா வெல சொல்லுதுங்க"ன்னு டீச்சர் சொல்ல, "வாய்ப்பாடு சோறு போடுமா, வெல சோறு போடுமா"ன்னு அக்கா கேக்க, அந்தச் சுவத்துக்கு மேல பல வருசமா சொல்லு பறந்துக்கிட்டேதான் இருந்துச்சு.

நான் தங்கமாயன். கல்யாண வீடு, காதுகுத்து, கச்சேரியில இடைவேளைன்னு கூப்புட்ட எடத்துக்குப் போயி மிமிக்ரி பண்றவன். ஊர்ல நூத்தியெழுவது பேரு குரல் என் தொண்டைக்குள்ள குடியிருக்கு, ஒருத்தரும் வாடகை குடுத்ததில்ல, நானும் கேட்டதில்ல.

இப்ப எபநேசர் கதைக்கு வருவோம், ஏன்னா தப்பு பண்ணினது அந்தப் புண்ணியவான்தான். மார்க்கெட் வாசல்ல மாடியில "எபி ஆடியோஸ்"னு ஒரு ரெக்கார்டிங் ரூம், சுவத்துல முட்டை அட்டை ஒட்டி, ஜன்னல மெத்தையால அடைச்சு, உள்ள போனா நம்ம மூச்சு நமக்கே அந்நியமாக் கேக்கும். மார்க்கெட் கோயில் திருவிழாவுக்குன்னு அவன் ஒரு பாட்டு ரெக்கார்டு பண்ணினான். மல்லித் தோட்டத்துல மொட்டு பறிக்கிறப்ப பாடுற பாட்டு, "விரியுமுன்னே பறிச்சுப்புடு, விடியுமுன்னே நெறச்சுப்புடு"ன்னு வரும். அத மொதல்ல கீபோர்டு, தபலா எல்லாம் வச்சு டெய்சி டீச்சர பாட வச்சான். பெறகு, "பாட்டு எந்தோட்டத்துப் பாட்டு, அத அவ பாடுறதா?"ன்னு ராக்கம்மாக்கா மாடிப்படி ஏறி வந்து நிக்கவும், பயந்துபோயி அந்தக்காவையும் ஒரு மைக்க மட்டும் வச்சு தனியா பாட வச்சான். பாட்டு ஒண்ணு, ரெக்கார்டு ரெண்டு.

ரெக்கார்டு பண்ணுன பாட்ட வெளியில விடணும்னா அதுக்கு ஒரு நம்பர் வேணும். பன்னெண்டு எழுத்து. மொத ரெண்டு எந்த நாட்டுலன்னு, அடுத்த மூணு யாரு பேர்ல பதிஞ்சதுன்னு, அதுக்கடுத்த ரெண்டு எந்த வருசம்னு, கடைசி அஞ்சு அந்த வருசத்துல எத்தனாவதுன்னு. ஒலகத்துல எந்த மூலையில அந்த ரெக்கார்டு பாடினாலும் இது இன்னதுதான்னு அந்த நம்பர்தான் சொல்லும், யாரு வித்தாலும் யாரு வாங்கினாலும் அது மாறாது, ஒண்ணுக்குக் குடுத்தத இன்னொண்ணுக்குக் குடுக்கக் கூடாது. எபிகிட்ட சொந்தமா அந்த மூணு எழுத்து கெடையாது. மெட்ராஸ்ல சுருதிமலை மியூசிக்னு ஒரு கம்பெனி, அவங்கதான் நம்பர் குடுப்பாங்க, அவங்கதான் பாட்ட வெளியில விடுவாங்க. அந்த வாரம் அவன் கையில ஒரு நம்பர்தான் மிச்சம் இருந்துச்சு. அவன் என்ன பண்ணினான், ரெண்டுக்கும் அதையே போட்டு அனுப்பிட்டான், அங்க இருந்த கம்ப்யூட்டரும் ஏன் எதுக்குன்னு கேக்காம வாங்கிக்கிருச்சு.

ரெண்டு பாட்டும் ஒரு செவ்வாக்கிழமை காலையில வெளிய வந்துச்சு.

அன்னைக்கு ஒம்போதே முக்காலுக்கு ராக்கம்மாக்கா பதினெட்டு கூடை மல்லிய ஏலத்துல வச்சு, கட்டையால ஒரு தட்டு தட்டி "ஒருதரம்"னுச்சு, இன்னொரு தட்டு தட்டி "ரெண்டுதரம்"னுச்சு, மூணாவது தட்டுத் தட்டி வாயத் தொறந்துச்சு, வாயி தொறந்தே இருக்கு, சத்தம் வல்ல. சுவத்துக்கு அந்தப்பக்கம், அக்கா நிறுத்தின அதே எடத்துல இருந்து அதே குரல் "ஏழு மூணு இருவத்தியொண்ணு"ன்னு எந்திரிச்சுச்சு. டீச்சர் தண்ணி குடிக்க நிறுத்தினப்ப இங்க அக்காவுக்கு "என்னடி எழவு இது"ன்னு பாதி வந்துச்சு, டீச்சர் செம்ப வச்சதும் மீதி போயிருச்சு. மூணாந்தரம் சொல்லாத பூ வித்ததாகாது, திரும்பிப் போனதாவும் ஆகாது, அது எங்க மார்க்கெட் வழக்கம். பதினெட்டு கூடை மல்லியும் தான் யாருக்குச் சொந்தம்னு தெரியாம மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்து, அங்கனயே விரிஞ்சு, மார்க்கெட்டே கல்யாண வீடு மாதிரி மணத்துப் போச்சு.

டாக்டர் ரெண்டு பேரு தொண்டையிலயும் டார்ச் அடிச்சுப் பாத்து, நல்லாருக்குன்னு சொல்லி உப்புத்தண்ணி கொப்புளிக்கச் சொன்னாரு. நான் காத வச்சுப் பொழைக்கிறவன், எனக்கு டீக்கடையிலயே புரிஞ்சுபோச்சு. ஒருத்தர் போன்ல டீச்சர் பாட்டு ஓடுது, இன்னொருத்தர் போன்ல அக்கா பாட்டு ஓடுது, இது பாடுறப்ப அது ஊமையாவுது, இது மூச்சு வாங்குற எடத்துல அது ஒரு சொல்லுப் பாடிக்கிருது. நேரா மாடியேறினேன்.

"எபி, ரெண்டு பாட்டுக்கும் என்னய்யா நம்பர் போட்ட?"

"பாட்டு ஒண்ணுதான மாயண்ணே, அதான் ஒரே நம்பரு. ஒரு வீட்டுக்கு ரெண்டு டோர் நம்பரா குடுக்கிறாய்ங்க?"

"வீட்டுக்குள்ள ரெண்டு பொம்பள இருக்காங்கடா, அது தெரியலையா உனக்கு?"

அவன் அன்னைக்கே கம்பெனிக்கு எழுதினான், ரெண்டாவதுக்கு வேற நம்பர் குடுங்க, இங்க ஒரு தொண்ட சிக்கிக்கிருச்சுன்னு. "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது"ன்னு பதில் வந்துச்சு. அடுத்த மாசமும் எழுதினான், அடுத்த மாசமும் அதே வந்துச்சு.

ஊரு அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா? டீக்கடைச் சுவத்துல சாக்பீஸால எழுதிப்புட்டாங்க: காலையில அஞ்சுலருந்து ஒம்போதரை வரைக்கும் குரல் ராக்கம்மாவுக்கு, ஒம்போதரையிலருந்து நாலு வரைக்கும் டீச்சருக்கு, நாலுலருந்து பொது. கீழ "ஞாயிறு காலை சர்ச், வெள்ளி சாயங்காலம் கோயில், சண்டை போடக் கூடாது"ன்னு ஒரு வரி. அவசரம்னா அதுக்கும் வழி இருந்துச்சு. டீச்சருக்கு மார்க்கெட் நேரத்துல குரல் வேணும்னா சுவத்து மேல டஸ்டர வைப்பாங்க, அக்காவுக்குப் பள்ளிக்கூட நேரத்துல வேணும்னா கட்டைய வைக்கும். பாத்தவுக அடுத்த மூச்சுலயே வாய மூடிக்கிறணும். பொம்பளைங்க வார்த்தை, ஒரு நாளும் தவறினதில்ல. அக்கா மக வளைகாப்புக்கு டீச்சர் ஒரு நா முழுக்க கரும்பலகையில எழுதியே பாடம் நடத்தினாங்க. டீச்சர் வீட்டுக்காரர் மஸ்கட்லருந்து வெள்ளிக்கிழம காலையில எட்டு மணிக்கு போன் பண்ணுவாரு, அந்நேரம் பேரம் பேசுற வியாபாரிக்கு அக்கா வெரலாலயே பதில் சொல்லும், சில வெரலுக்கு அர்த்தம் நான் இங்க எழுத முடியாது.

குரலும் மெல்ல மெல்லக் கலந்துபோச்சு. டீச்சர் வாயில வர்றப்ப கொஞ்சம் வெத்தல வாசம், அக்கா வாயில வர்றப்ப கொஞ்சம் சாக்பீஸ் தூசி. மூணாப்புப் பிள்ளைங்க "மூணுதரம்" சொன்னாத்தான் ஸ்லேட்ட கீழ வைக்கும்ங்க. மார்க்கெட்ல கணக்கு தப்பா சொன்ன ஏவாரிய அக்கா பெஞ்சு மேல ஏறி நிக்கச் சொல்லுச்சு, அவனும் ஏறி நின்னான். ஊரு சனம் எல்லாருமே பேச்சுக்கு நடுவுல ஒரு மூச்சு எடம் விடப் பழகிருச்சு, அந்த எடம் யாருக்காவது தேவப்படும்னு. அந்த வருசம் ஊர்ல சண்ட கம்மி, ஏன்னா அந்த ஒரு மூச்சுல பாதிக் கோவம் எறங்கிப்போவும். எட்டு ஆம்பளைங்க ரகசியமா எபி மாடிக்கு வந்து, "எம் பொண்டாட்டியும் எங்கம்மாவும் ஆளுக்கு ஒரு பாட்டுப் பாடுவாங்க, ஒரே நம்பர் போட்டுக் குடு தம்பி"ன்னு கேட்டாங்க. அவன் கையெடுத்துக் கும்புட்டுத் திருப்பி அனுப்புனான்.

பத்தாவது மாசம் அந்தப் பாட்டு ஊரத் தாண்டிப் போச்சு. யாரோ ஒரு புள்ள பூ கட்டுற வீடியோவுக்கு அதப் போட, அதப் பாத்து இன்னொருத்தி போட, லட்சம் பேரு "விரியுமுன்னே பறிச்சுப்புடு"ன்னு கையாட்டிக்கிட்டுத் திரிஞ்சாங்க. பாதி பேரு போட்டது டீச்சர் பாட்டு, பாதி பேரு போட்டது அக்கா பாட்டு, நம்பர் ஒண்ணுங்கறதால கம்பெனிக்கு ரெண்டும் ஒரே கூட்டமாத் தெரிஞ்சுச்சு. பத்து மாசமா அதே ஒத்த வரியவே அனுப்புன கம்பெனியிலருந்து அப்பத்தான் ஒரு ஆளு கார்ல வந்து எறங்கினான். பேரு நிகிலேஷ். தேங்காண்ணெய் தடவின மாதிரி பேச்சு, ஒவ்வொரு சொல்லையும் வழுக்கி விடுவான்.

மார்க்கெட் ஆபீசுல எல்லாரையும் உக்கார வச்சுச் சொன்னான். "மேடம், ஒரு கோட் நம்பருக்கு ஒரு ரெக்கார்டிங்தான் இருக்கணும். இது இன்டர்நேஷனல் ரூல். டீச்சர் மேடம் வெர்ஷன் நீட்டா இருக்கு, அத வச்சுக்குறோம். ராக்கம்மா மேடம் வெர்ஷன அழிச்சிருவோம். முப்பத்தொண்ணாந்தேதி. டீச்சர் மேடம் இதுல ஒரு சைன் போட்டாப் போதும், இந்த நம்பர்ல பாடினது நான் மட்டும்தான்னு."

"அழிச்சா அந்தக்கா குரல் என்னாவும்?"னு கேட்டேன்.

"அது டெக்னிக்கல் சார்"னான். "வேணா அஞ்சு நிமிஷம் நிறுத்தி வச்சுக் காட்டுறேன்." லேப்டாப்ல ஒரு தட்டுத் தட்டினான். டீச்சர் வாய மூடிக்கிட்டுத்தான் இருந்தாங்க, இருந்தும் அக்காவுக்குச் சத்தம் வல்ல. சொல்லு மட்டுமில்ல, இருமினா இருமல் இல்ல, வெத்தலையத் துப்பினா துப்புன சத்தம் இல்ல, மாருல அடிச்சுக்கிட்டா அடி விழுந்த சத்தங்கூட இல்ல. அஞ்சு நிமிஷம் கழிச்சு அவன் விட்டதும் அக்கா மொதல்ல சொன்னது, "டேய், என்னய உசுரோட பொதைக்கப் பாக்குறியா?"

"வேற நம்பர் குடுத்தா முடிஞ்சுபோச்சு, அதத்தான சார் பத்து மாசமாக் கேக்குறேன்"னான் எபி.

"ரெண்டாப் பிரிச்சா கேக்குற கூட்டமும் ரெண்டாப் பிரிஞ்சிரும் எபநேசர். எங்களுக்கு ஒண்ணாத்தான் வேணும்."

போறப்ப என்னயத் தனியாக் கூப்புட்டான். "நீங்கதான அந்த மிமிக்ரி ஆர்ட்டிஸ்ட்? ஊர்ல ரொம்ப வருத்தப்பட்டாங்கன்னா நீங்களே ராக்கம்மா மேடம் குரல்ல ஏலம் கூப்புட்டுருங்க. யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

நான் அவன் குரல்லயே, அதே வழுக்கலோட, "அது டெக்னிக்கல் சார்"னேன். அவன் கார் கதவுல தலைய இடிச்சுக்கிட்டான்.

அன்னைக்குச் சாயங்காலம் ஊர்ல எல்லாரும் டீச்சர் மூஞ்சியத்தான் பாத்தாங்க. ஒரு கையெழுத்து. போட்டா குரல் முழுசா டீச்சருக்கு, டஸ்டர் வைக்க வேண்டாம், மஸ்கட்டுக்கு எந்நேரமும் பேசலாம், பல வருசமாச் சுவத்துக்கு மேல கேட்ட சத்தம் இனிக் கேக்காது. டீச்சர் நேரா எபி மாடிக்கு ஏறினாங்க. அந்த நம்பர் பத்தின விதிமுறை மொத்தத்தையும் எபிகிட்ட பிரிண்டு எடுத்து வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போனாங்க. மறுநா காலையில ஏழு மணிக்கு, ஏலம் உச்சத்துல இருக்கிறப்ப, சுவத்து மேல டஸ்டர் வந்து உக்காந்துச்சு.

அக்கா அதப் பாத்துச்சு. கூடைகளப் பாத்துச்சு. வாய மூடிக்கிருச்சு.

டீச்சர் சுவத்துக்கு அந்தப்பக்கம் ஸ்டூலு மேல ஏறி, பேப்பர கையில வச்சுக்கிட்டு, மூணாப்புக்குப் பாடம் எடுக்குற மாதிரி மார்க்கெட்டுக்கே எடுத்தாங்க. "எல்லாரும் கவனிங்க. அந்த ஆளு விதியில பாதியத்தான் வாசிச்சான். ஒரு நம்பருக்கு ஒரு ரெக்கார்டுதான், சரி. ஆனா ரெண்டாவது ரெக்கார்ட அழிக்கணும்னு இதுல எங்கயும் இல்ல, அதுக்கு வேற நம்பர் குடுக்கணும்னு இருக்கு. பாட்டு ஒண்ணா இருந்தாலும் சரி, ஒரே ஆளு மறுபடி பாடினாலும் சரி, புதுசா ரெக்கார்டு பண்ணினா புது நம்பர். இன்னொண்ணு. ரெக்கார்டு பண்றவங்க யாரு வேணாலும் அந்த மூணு எழுத்த சொந்தமாவே கேட்டு வாங்கலாம். கம்பெனி வேண்டாம். எபி, இத ஏன்டா நீ படிக்கல?"

"பொடி எழுத்துல நூல் நூலா எழுதியிருந்தாய்ங்க டீச்சர்"னான் எபி.

"பெஞ்சு மேல ஏறு"ன்னாங்க. ஏறினான்.

அந்த மூணு எழுத்தக் கேட்டு வாங்க போன் மேல போன் போடவேண்டியிருந்துச்சு, ஆபீஸ் நேரத்துல, லைன்ல காத்திருந்து, இங்கிலீஷ்ல. அதுக்கு டீச்சர்தான் லாயக்கு. அந்த ஆபீஸ் லைன் காலையில எட்டு மணிக்கே தொறக்கும், அப்பப் புடிச்சாத்தான் மத்தியானத்துக்குள்ள ஆளு கெடைக்கும், அதனால டீச்சர் மூணு நா காலையில லீவு போட்டாங்க, அக்கா மூணு நா மார்க்கெட் நேரத்துக் குரலயும் தூக்கிக் குடுத்துருச்சு. அதுவரைக்கும் முழுசா யாருக்கும் குடுக்காத நேரம் அது. மூணு நாளும் ஏலம் கட்டைச் சத்தத்துலயும் கை ஜாடையிலயுமே நடந்துச்சு, மூணாந்தரத்துக்கு மட்டும் அக்கா ரெண்டு கையையும் தலைக்கு மேல விரிக்கும், மார்க்கெட்டு மொத்தமும் அதுக்குத் தலையாட்டும். நாலாவது நா எபி மாடியிலருந்து கத்தினான், "வந்துருச்சு! மூணு எழுத்து! ஆர், ஏழு, கே! நம்ம பேர்ல!"

இங்க கத்தினது எப்படியோ மெட்ராஸ் வரைக்கும் கேட்டுருச்சு. கம்பெனிக்காரன் முப்பத்தொண்ணாந்தேதி வரைக்கும் காத்திருக்கல. அன்னைக்கு மத்தியானமே, இருவத்தேழாந்தேதி, ராக்கம்மாக்கா பாட்ட அழிச்சுப்புட்டான்.

அக்கா மாடிப்படி ஏறிக்கிட்டு இருந்துச்சு, புதுசாப் பாடி ரெக்கார்டு பண்ண. ஆறாவது படியில வளையல் சத்தம் நின்னுச்சு. ஏழாவது படியில கால் சத்தம் நின்னுச்சு. ரூமுக்குள்ள வந்து மைக் முன்னாடி நின்னு வாயத் தொறந்துச்சு. ஒண்ணுமில்ல. டீச்சர் பின்னாடியே ஓடிவந்து, வாயப் பொத்திக்கிட்டு அரமணி நேரம் நின்னு பாத்தாங்க. ஒண்ணுமில்ல. எபி அழுதான்.

கூட ஏறி வந்திருந்த பூ வியாபாரிங்க சங்கத் தலைவரு எம் பக்கம் திரும்பினாரு. "மாயா, உனக்குத்தான் அவ குரல் அத்துப்படி. நீ அவ மாதிரி பாடு, அத அவ பேர்ல ரெக்கார்டு பண்ணி நம்பர் போட்டுருவோம். யாருக்குத் தெரியும்?"

எல்லாரும் என்னயப் பாத்தாங்க. சத்தியமாச் சொல்றேன், எனக்கு வரும். அந்தக்கா மூச்சு எங்க உடையும், "ற"னாவ எங்க நசுக்கும், எல்லாம் வரும். தொண்டையில வந்து நின்னுச்சு. அப்ப ராக்கம்மாக்கா என்னய ஒரு பார்வ பாத்துச்சு. கட்டையத் தூக்கி எம் மாருல வச்சு மெதுவாத் தள்ளுச்சு, கதவு வரைக்கும். அதுக்கு அர்த்தம் வேணுமா? 'எங் குரல எவன்கிட்டயும் இரவல் வாங்க மாட்டேன்டா, உங்கிட்டயும்.' நான் வாய மூடிக்கிட்டேன். என் பொழப்புல நான் சரியான நேரத்துல செஞ்ச காரியம்னா அது ஒண்ணுதான்.

அக்கா திரும்பிப் போயி மைக் முன்னாடி நின்னுச்சு. எபியப் பாத்து வெரலச் சொடுக்குச்சு, அதுக்கும் சத்தமில்ல, போடுங்கற மாதிரி.

"அக்கா, ஒண்ணுமே பதியாதே"ன்னான் எபி.

டீச்சர்தான் மெதுவாச் சொன்னாங்க. "விதியில குரல் இருக்கணும்னு எழுதல எபி. ரெக்கார்டு பண்ணினது எதுவா இருந்தாலும் நம்பர் உண்டு. பட்டனப் போடு."

போட்டான். ராக்கம்மாக்கா பாடுச்சு. வாயி அசையுது, கழுத்து நரம்பு எந்திரிக்குது, நெத்தியில வேர்வ வழியுது, மொட்டு பறிக்கிற மாதிரி ரெண்டு கையும் காத்துல போயிப் போயி வருது, ஆறு நிமிஷம், ஒரு வரி விடல. ரூமுக்குள்ள சத்தமில்ல, ஆனா முட்டை அட்டையில குழிக்குக் குழி ஈரம் கட்டி நின்னுச்சு, மல்லி வாசம் வந்துச்சு. கடைசியில அக்கா கட்டையால மேசையத் தட்டுச்சு. அந்தக் கட்டை மரம், அதுக்கு யாரு நம்பரும் கெடையாது, அத எவனும் அழிக்க முடியாது. டொக். கொஞ்சம் விட்டு, இன்னொரு டொக். மூணாவது தட்டல. கட்டையத் தோள்ல வச்சுக்கிட்டுப் படியெறங்கிப் போயிருச்சு.

எபி ஒவ்வொண்ணா அடிச்சான்: மொத ரெண்டு எழுத்து நாடு, அடுத்து ஆர் ஏழு கே, வருசம், பெறகு நாலு சைபர், ஒரு ஒண்ணு. எங்க ஊரோட மொத நம்பர். எந்த மாத்தமும் வல்ல. மறுநாளும் வல்ல. அதுக்கு மறுநாளும் வல்ல. அக்கா தெனமும் வந்து பலகை மேல நின்னுச்சு, கட்டையால தட்டி கைய விரிச்சுச்சு, பூ வித்துச்சு, "வீட்டுல இரு மதினி"ன்னவங்கள கட்டையாலயே வைதுச்சு.

முப்பத்தொண்ணாந்தேதி காலையிலதான் எங்க மொத நம்பர் ரெக்கார்டு வெளிய வந்துச்சு, அன்னைக்கு ஒம்போதே முக்காலுக்கு நிகிலேஷ் வந்து எறங்கினான். கையில பேப்பர். பலகை மேல அக்கா நிக்கிறதப் பாக்காத மாதிரி நேரா சுவத்துகிட்டப் போனான். "டீச்சர் மேடம், வேல முடிஞ்சுருச்சு. ஃபார்மாலிட்டிக்கு ஒரு சைன். நான் மட்டும்தான் பாடினேன்னு."

டீச்சர் வகுப்ப விட்டு ஸ்டூலு மேல ஏறி நின்னாங்க. பேனாவ வாங்கினாங்க. டீச்சர் பேனாவத் திருப்பிச் சுவத்து மேல வச்சு, பக்கத்துல டஸ்டர வச்சு, வாயத் தொறந்தாங்க. அதே நேரத்துல, பலகை மேல, ராக்கம்மாக்காவும் வாயத் தொறந்துச்சு.

"முடியாது!"

"முடியாதுடா!"

ரெண்டு குரல். ஒரே நேரத்துல. ஒண்ணு சாக்பீஸு, ஒண்ணு வெத்தல, ரெண்டும் நடுவானத்துல மோதி மார்க்கெட் தகரக் கூரை அதிர்ந்து தூசி கொட்டுச்சு. பதினோரு மாசமா ஆளுக்குப் பாதியா வாயில நின்னுபோன வசவு எம்புட்டு இருக்கும்னு நெனைக்கிறீங்க? ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் காத்திருக்காம, எடம் விடாம, டீச்சர் இலக்கணத்தோட, அக்கா இலக்கணமில்லாம, அந்த ஆள வைதாங்க வைதாங்க அப்படி வைதாங்க. அவன் கையில இருந்த பேப்பரு தானாச் சுருண்டுருச்சு. கார் வரைக்கும் பின்பக்கமாவே நடந்தான், திரும்பி நடக்கத் தைரியமில்ல. நான் கதவத் தொறந்து விட்டு, "தலைய பாத்து சார்"னேன், என் சொந்தக் குரல்ல.

பெறகு அக்கா பலகையில கூடையப் பாத்துச்சு, கட்டையால தட்டுச்சு, ஏலத்த விட்ட எடத்துலருந்து கூப்புட்டுச்சு, சுவத்துக்கு அந்தப்பக்கம் ஏழாம் வாய்ப்பாடு அதும்பாட்டுக்கு ஓடுச்சு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ரெண்டும் கேக்க அம்புட்டு நாராசமா இருந்துச்சு, எங்களுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பத்து மணிக்கெல்லாம் டீச்சர் சுவத்துக்கு மேல எட்டிப் பாத்து, "ராக்கம்மா, சத்தத்தக் கொறைங்க!"ன்னாங்க. "நீ மொதல்ல கொறடி!"ன்னுச்சு அக்கா.

கம்பெனி இன்னமும் கடுதாசி போடுது, அந்தச் சத்தமில்லாத ரெக்கார்டயும் எடுக்கச் சொல்லி. எடுக்க முடியாது. அது எங்க எழுத்து, எங்க மொத நம்பர். திருவிழாவுக்கு மார்க்கெட்ல எட்டு ஸ்பீக்கர் கட்டி மொதப் பாட்டா அதத்தான் போடுவோம். ஆறு நிமிஷம் ஒண்ணுமே கேக்காது, ஏவாரிங்க அசையாம நிப்பாங்க, சுவத்துக்கு அந்தப்பக்கம் பிள்ளைங்களும் எந்திரிச்சு நிக்கும்ங்க. கடைசியில ஒரு டொக் வரும். கொஞ்சம் விட்டு இன்னொரு டொக் வரும். அதோட ரெக்கார்டு முடிஞ்சுரும். மூணாந்தரத்த நாங்க சொல்லுவோம், ஊரே சேந்து, அவனவன் குரல்ல.